தாமதப் பதிவு

தலாவிகானில் யார் குடும்பப் பெயரும்
ர வரிசையில்தான் தொடங்கும்.
ராலியோ, ரெலுசியோ, ரிகாப்ளாங்கா, ரெபாங்கோஸ்.
ஸ்பானியர் காலத்து அதிகாரி ஒருவன்
பெயர்ப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து
ஊருக்கு ஒன்று அனுப்பினானாம்.
மீன் பங்குக்கு நிற்பதுபோல் நின்று
ஆளுக்கொரு பெயர் வாங்கிக்கொண்டார்கள்.
பிந்தி வந்தவர்களுக்கு
வாயில் நுழையாதவை மிச்சம்.
நான் பிந்தி வந்தவர்கள் வழி.

நகராட்சிக் கட்டடம், கீழ்த்தளம்,
கழிப்பறைக்கு அடுத்த அறை.
பிறப்பு, இறப்பு, திருமணம்
மூன்றுக்கும் ஒரே மேசை, ஒரே ஆள்.
ஜப்பானியர் போகிற போக்கில் ஒருமுறை எரித்தார்கள்.
கடல் இரண்டு முறை உள்ளே வந்தது.
போன புயலுக்குப் பிறகு
பதிவேடுகளைக் கூடைப்பந்துத் திடலில் காயப்போட்டோம்,
யாரோ நெல் காயவைத்திருந்த ஓரத்தில்.
1956 முழுக்கக் கூழ்.
1961 பாதிவரை நீலக் கலங்கல்.
ஒரு கோழி வந்து
எவருடைய திருமணத்தையோ
கொத்திவிட்டுப் போனது.

செவ்வாய்க்கிழமை கஸ்தோர் வந்தார்.
ரப்பர் செருப்பு, விரலிடுக்கில் வலைநூல்.
முதியோர் உதவித்தொகைக்குப்
பிறப்புச் சான்று வேண்டுமாம்.
தேடினேன்.
நனைந்ததில் இல்லை, காய்ந்ததிலும் இல்லை.
அவரை யாரும் எழுதவே இல்லை.

"பிறந்த வருடம்?"
"கோயில் மணி விழுந்த வருடம்."
"மாதம்?"
"நண்டு கொழுத்திருந்ததாம். அம்மா சொன்னாள்."
படிவத்தில் நண்டுக்குக் கட்டம் இல்லை.

"குடும்பப் பெயர்?"
"கதாயோங்."
நிமிர்ந்து பார்த்தேன்.
அப்பா வேறு தீவு.
கொப்பரை ஏற்ற வந்த படகு
திரும்பிப் போனபோது ஏறாமல் நின்றவர்.
"வருகைப் பதிவில் எப்போதும் நான்தான் முதல் பெயர்.
ஒளிய இடமே இல்லை, அம்மணி.
இரண்டாம் வகுப்போடு நின்றுகொண்டேன்."

சாட்சி இருவர் வேண்டும், உறவினர் ஆகாது.
ஒருவர் மீன்சந்தைக் காவலாளி.
இன்னொருவர்
ஒனோஃப்ரே ரெலுசியோ,
இருபத்திரண்டு வருடமாக இவரோடு பேச்சில்லாதவர்.
காரணம் ஒரு சிவப்புச் சேவல்:
களத்தில் அது செத்ததா,
செத்ததுபோல் கிடந்ததா
என்று இன்னும் முடியாத வழக்கு.
வேறு யாரும் கிடைக்கவில்லையா என்றேன்.
"என் வயதை அறிந்தவன் அவன் ஒருவன்தான்
மிச்சம்" என்றார் கஸ்தோர், ஜன்னலிடம்.

ஒனோஃப்ரே என்னைப் பார்த்தே சொன்னார்:
"இவன் பிறந்தது நிஜம்.
பிறக்காத வாயா
என் சேவல் தோற்றதென்று சொல்லும்?"
சாட்சியமாக இதை எழுத முடியாது.
'எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்று தட்டச்சினேன்.
பேனாவைக் குத்திக் கையொப்பமிட்டார்.
மூன்றாம் நகல்வரை பள்ளம் விழுந்தது.

நாள் மட்டும் பாக்கி.
எந்த நாளானாலும் சரி, ஒன்று சொல்லுங்கள் என்றேன்.
வெளியே திருவிழாவுக்குக்
காகிதக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஏணி பிடித்தவன் ஏறினவனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"மே பதினைந்து போடு.
அன்றைக்கு எல்லா வீட்டிலும் பன்றி வேகும்.
எனக்கென்று தனியாக எதையும் கொல்ல வேண்டாம்."

கோயிலில் விசாரித்தேன்.
மணி விழுந்தது இரண்டு முறையாம்,
மூன்று வருட இடைவெளியில்.
இரண்டில் எது என்று நான் கஸ்தோரைக் கேட்கவில்லை.
உதவித்தொகைக்கு எட்டுகிற வருடத்தைப் போட்டு
முத்திரை குத்தினேன்.
கார்பன் மை விரலில் ஒட்டியது.

கட்டணம் ஐம்பது பீசோ. அவரிடம் நாற்பது.
மேசையில் ஒரு நாணயம் வந்து விழுந்தது.
வைத்த கை யாருடையது என்று
இருவருமே பார்க்கவில்லை.

படியில் இறங்கும் சத்தம், நான்கு செருப்பு.
அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, மெதுவாக:

"அது சாகவில்லை."

"செத்தது."